விடுதலை பெற்றும் கலகம் ஓயாமை ஏன்?

நம் ஈரோட்டுக்கு வடக்கே, பவானியாறு காவிரியொடு கூடும் துறைக்கு அண்மையில், காலிங்கராயன் அணை என்னும் பழைய அணையொன்று உளது. 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அவ்வணையினின்றும் புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 56 மைல் வளைந்து சென்று, நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளையும் வயல்களை இன்றும் வளர்த்து வருகின்றது. ஆற்றை முற்றும் அடைத்துவிடலாம் என்று அதனைக் கட்டியோர் எண்ணினாரல்லர். மிகுந்த வெள்ளம் வழிந்தோட ஒரு வழியும், வேண்டும் நீர் வயலுக்குப் பாய ஒரு மதகும் அமைத்தே கட்டினர். மதகில்லா அணை முதற் பெருவெள்ளத்தில் உடையும் என்பதை நம் நாட்டு உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அரசியல் நூல் பயில்வோர் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. 1947-ஆம் ஆண்டு தொடங்கி இருபதாண்டுகளுக்குள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பற்பல நாடுகள் அயலார் ஆட்சியினின்றும் நீங்கித் தத்தம் கொடியை ஏற்றின. அயலார் நீங்கின் அல்லலும் நீங்கும் என்று மக்கள் நம்பினர். நிகழ்ந்ததோ வேறு. பர்மா 1948 சனவரியில் விடுதலை பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே உள்நாட்டுப் போர் மூண்டது. 1962-ல் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1960-ல் விடுதலை பெற்ற நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பையாபிராப் போரில் பட்டினியால் மாண்ட குழந்தைகளின் தொகை எண்ணுந்தரமன்று. ருவாண்டாவில் 1994-ஆம் ஆண்டு நூறு நாட்களுக்குள் ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் தம் அண்டை வீட்டாராலும் படையினராலும் கொல்லப்பட்டனர். இஃது ஏன்?

இந்நாட்டு மக்கள் இயல்பிலேயே கலகம் விரும்புவோர் என்று கூறி மேனாட்டார் சிலர் இவ்வினாவை எளிதில் முடித்துவிடுவர். 1914-லும் 1939-லும் உலகையே போரில் ஆழ்த்திய கண்டத்தார் பிறரைக் குறித்து இங்ஙனம் கூறுதல் பொருந்துமா? எல்லாக் குற்றமும் வெள்ளையர் தலையிலேயே என்று நம்மவர் சிலர் கூறுவர். இதன்கண் உண்மை உளதெனினும் முழு உண்மை இல்லை. ஒரே ஆட்சியாளர் விட்டுச் சென்ற இரு நாடுகள், ஒரே வகைச் சிக்கலை எதிர்ப்பட்டு, ஒன்று அதனைத் தீர்க்க, மற்றொன்று அதனால் எரிந்துபோனதை நாமே கண்டுளோம். பாக்கு நீரிணையின் இப்பாலும் அப்பாலும் மொழி பற்றி எழுந்த பூசலையே ஈண்டுக் குறிக்கின்றோம். அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அயலாட்சி விட்டுச் சென்ற சொத்து யாதெனக் காண்போம். வெள்ளையர் நிறுவிய அரசாங்கம் மக்களை ஆள்வதற்காக ஏற்பட்டதேயன்றி அவர் குறை கேட்பதற்காக ஏற்பட்டதன்று. அது மக்களை எண்ணியது, வகுத்தது, வகுத்தவற்றைப் பெயரிட்டு ஏட்டில் பொறித்தது. ருவாண்டாவில் பெல்ஜியர் 1930-களில் ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாளச் சீட்டு வழங்கினர். அறுபதாண்டுகளுக்குப் பின் சாலைகளில் மறித்து நின்ற கொலைஞர் அத்தகைய சீட்டைப் பார்த்தே உயிரைப் பறித்தனர். ஏடும் சீட்டும் காவற்சட்டமும் வனச்சட்டமும் அயலாரோடு கப்பலேறிவிடவில்லை. புதிய ஆட்சியாளர் கைக்கு அப்படியே மாறின.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னை மாகாண வனச்சட்டம் 1882-ல் இயற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தோர் அச்சட்டத்தின் கண்ணில் அத்துமீறுவோராயினர். விடுதலைக்கு 45 ஆண்டுகள் கழித்து, 1992 சூன் 20-ஆம் நாள், தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடியிலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊருள், கடத்திய சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையிடப்பட்டனர், 18 பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். அவருள் 54 பேர் தீர்ப்பு வருமுன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அயலான் சட்டம் நம்மவர் கையில் அயலான் சட்டமாகவே நின்றதற்கு இவ்வூர் சான்று. அதே அரசமைப்பில் ஏழை மக்கள் முப்பதாண்டு பொறுத்து நீதி பெறவும் ஒரு வழி இருந்ததற்கும் இவ்வூரே சான்று. இவ்விரண்டாம் செய்தியை வாசகர் மறவாதிருப்பாராக. பின்னர் அது வேண்டப்படும்.

இனி மொழிப்பூசலுக்கு வருவோம். 1938-ல் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நம் ஈரோட்டுப் பெரியார் எதிர்ப்பின் முன்னணியில் நின்று சிறை சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-ல் காவலிலிருக்கையில் உயிர் துறந்தனர். அமைச்சரவை விலகியபின், 1940 பிப்ரவரியில் ஆளுநர் அவ்வாணையை நீக்கினார்.

பூசல் அத்துடன் தீர்ந்ததன்று. அரசியற் சட்டத்தின்படி 1965 சனவரி 26-ஆம் நாள் இந்தி மட்டுமே ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாதற்குரிய நாள் வந்தது. அதற்கு முந்திய நாளே மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கைகலப்பு நிகழ்ந்து, நாடெங்கும் தீப்பற்றியது. இளைஞர் சிலர் தம் உடலுக்கே தீயிட்டு மாண்டனர். சிதம்பரத்தில் இராசேந்திரன் என்னும் மாணவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். நம் கொங்கு நாடும் அன்று அமைதியாயிருந்ததில்லை. குமாரபாளையத்திலும் பொள்ளாச்சியிலும் துப்பாக்கிச் சூட்டில் பலர் மடிந்தனர். திருப்பூரில் கூட்டத்தார் காவல் உதவி ஆய்வாளர் இருவரை எரித்துக் கொன்றனர். படை வரவழைக்கப்பட்டது. அரசாங்கக் கணக்கின்படியே எழுபதின்மர் அளவில் மாண்டனர். இவ்வரலாற்றைக் கூறுங்கால் நம்மவர் பட்டதை மட்டும் கூறி, நம்மவர் செய்ததை மறைத்தல் நேர்மையாகாது.

அந்நாளில் தமிழ்நாட்டின் நிலை எவ்வாற்றானும் அச்சந்தருவதாகவே இருந்தது. தனிநாட்டுக் கோரிக்கையைத் திராவிட முன்னேற்றக் கழகம் கைவிட்டு ஈராண்டே ஆகியிருந்தது. சினமுற்ற இளைஞர் இருந்தனர், சிந்திய குருதி இருந்தது, மொழிப்பற்று இருந்தது. உள்நாட்டுப் போருக்கு வேண்டும் விறகெல்லாம் அடுக்கப்பட்டிருந்தும் போர் மூளவில்லை. ஏன்?

நிகழ்ந்தவற்றைக் காண்க. பிப்ரவரி 11-ஆம் நாள், பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்தவரும் நடுவண் அமைச்சருமாகிய சி. சுப்பிரமணியமும், ஓ.வி. அளகேசனும் பதவி விலகற் கடிதம் அளித்தனர். அன்றே தலைமையமைச்சர் சாஸ்திரியார் வானொலி வாயிலாக ஆங்கிலம் நீடிக்கும் என உறுதி கூறினார். 1967-ல் தேர்தல் உரிய காலத்தில் நடைபெற்றது. ஆண்ட கட்சி தோற்றது. பெருந்தலைவர் காமராசரே விருதுநகரில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் தோல்வியுற்றார். தோற்றவர் படையை நாடவில்லை, வென்றவர் பழிவாங்கவில்லை. 1967 திசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, இந்தி பேசாத மாநிலங்கள் இசையுங்காறும் ஆங்கிலம் நீடிக்குமென உறுதிமொழியைச் சட்டமாக்கியது. 1965-ல் தெருவில் நின்ற கோபம், இரண்டே ஆண்டில் சட்டமன்றத்துள் நாற்காலியில் அமர்ந்தது. நாற்காலியில் அமர்ந்தவனுக்குக் கல்லெறிய வேண்டும் தேவை குறைகின்றது.

இனி நீரிணையைக் கடப்போம். இலங்கை 1931-லேயே ஆடவர் பெண்டிர் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற நாடு. 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் குருதி சிந்தாது விடுதலை பெற்றது. கல்வியிலும் செல்வத்திலும் ஆசியாவில் முன்வரிசையில் நின்றது. கலகம் வருமென்று அன்று கேட்டிருப்பின், இந்தியாவிலே வரும், இலங்கையில் வாராது என்றே எவரும் விடை கூறியிருப்பர்.

ஆயின் விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே முதல் மதகு அடைக்கப்பட்டது. சேலம், திருச்சி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டு அவர்தம் வாக்கும் போயிற்று. 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றிருந்தது, 1952-ல் ஓரிடமுமில்லை. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாம் பிறந்த நாட்டிலேயே நாடற்றவராயினர். வாக்கெடுப்பின் மூலமே வாக்குரிமையைப் பறிக்கலாம் என்னும் தீய பாடத்தை அந்நாடு அன்று கற்றது.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்து எதிர்த்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். எனினும் வழி முற்றும் அடைபடவில்லை. 1957 சூலையில் தலைமையமைச்சர் பண்டாரநாயக்கரும் செல்வநாயகமும் உடன்பாடு செய்துகொண்டனர்; வட்டார மன்றங்களும் தமிழுக்கு ஓரளவு இடமும் அதன்கண் இருந்தன. எதிர்க்கட்சியும் பிக்குகளும் கிளர்ந்தெழவே, அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. 1959-ல் பண்டாரநாயக்கர் ஒரு பிக்குவின் குண்டுக்கே இரையானார். தாம் ஊதிய நெருப்பு தம்மையே சுட்டது. 1965-ல் டட்லி சேனநாயக்கர் செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை. 1972-ஆம் ஆண்டு அரசியற் சட்டம், சிறுபான்மையோருக்கு முன்னையதில் இருந்த காப்பையும் நீக்கிற்று. பல்கலைக்கழக நுழைவிலும் தமிழ் மாணவர்க்குத் தனி அளவுகோல் வைக்கப்பட்டது.

இங்ஙனம் இருபதாண்டு மதகுகள் ஒவ்வொன்றாக அடைபட்டபின், 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எழுந்தது. தமிழ்நாடு தனிநாடு கேட்டுத் தொடங்கிச் சட்டமன்றத்தில் முடித்தது. ஈழத் தமிழர் நாடாளுமன்றத்தில் தொடங்கித் தனிநாட்டில் முடித்தனர். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களொடு எரியூட்டப்பட்டது. 1983 சூலையில் 13 படைவீரர் கொலையுண்டதைத் தொடர்ந்து கொழும்பு முதலிய நகரங்களில் தமிழர் வேட்டையாடப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 கைதிகள் கொல்லப்பட்டனர். அன்று மூண்ட போர் 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. அதன் கடைசி மாதங்களில் மட்டும் 40,000 வரை பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகள் சபை அமைத்த வல்லுநர் குழு 2011-ல் கூறிற்று.

இரு கரைகளையும் ஒப்பிடின் வேற்றுமை விளங்கும். இந்தியத் தலைவர் நல்லோர், இலங்கைத் தலைவர் தீயோர் என்று கூறுவது குழந்தைக் கதையாகும். அமைப்பிலேயே வேறுபாடு இருந்தது. இந்தியாவில் எம்மொழியாரும் தனித்துப் பெரும்பான்மையர் அல்லர். இலங்கையில் சிங்களர் நூற்றுக்கு எழுபதின்மர் அளவினர். ஆங்குச் சிறுபான்மையரை யார் மிகுதியாய் ஒடுக்குவதாகக் கூறுகின்றனரோ அவருக்கே வாக்கு மிகுந்தது. இரு பெருங்கட்சிகளும் அவ்வேலத்தில் போட்டியிட்டன. மேலும், பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952-ல் உயிர்நீத்தபின் 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. ஆதலின் தில்லியில் தோற்றவன் சென்னையில் வெல்ல முடிந்தது. கொழும்பில் தோற்றவனுக்கு வெல்வதற்கு வேறோர் இடமே இல்லை. என்றும் வெல்லும் ஒரு சாராரும் என்றும் தோற்கும் ஒரு சாராரும் உள்ள ஆட்டத்தைக் குடியாட்சி என்று பெயரிட்டழைத்தாலும், தோற்பவன் அவ்வாட்டத்தை நெடுநாள் ஆடான். இதுவே நாம் கூறக் கருதியதன் சாரம்.

இத்தகைய கலகத்தால் குடியாட்சிக்கு நேரும் கேடு யாது? உயிர்ச்சேதம் கண்ணுக்குத் தெரியும். குடியாட்சிக்கு நேரும் சேதம் மெல்ல நேர்வதாகலின் எளிதிற் புலனாவதில்லை. இலங்கையில் 1979-ல் பயங்கரவாதத் தடைச்சட்டம் மூன்றாண்டுக்கு என்று கொணரப்பட்டது. 1982-ல் நிலையாக்கப்பட்டு, நாற்பதாண்டு கடந்தும் நீடித்தது. நெருக்கடிக்கென்று வந்த சட்டம் நெருக்கடி தீர்ந்தாலும் வீட்டைவிட்டுப் போவதில்லை. 1982-ல் நாடாளுமன்றத் தேர்தலே நடத்தாமல், பொதுவாக்கெடுப்பு ஒன்றினால் அம்மன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டித்தனர். 1983 ஆகஸ்டில் தனிநாடு கோருவதில்லையென ஆணையிடுமாறு சட்டம் செய்யவே, தமிழ்மக்கள் தேர்ந்த உறுப்பினர் மன்றத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. துப்பாக்கியை மறுத்துப் பேசுதற்கு எஞ்சியிருந்த வாயும் அடைபட்டது.

பெரும்பான்மையர்க்கும் இதனால் நன்மை விளையவில்லை. தமிழர்மீது ஓங்கப் பழகிய கை, 1987 முதல் 1989 வரை சிங்கள இளைஞர் கிளர்ச்சியின்போது சிங்களத் தாய்மாரின் மக்களையே ஆயிரக்கணக்கில் காணாமற் போகச் செய்தது. தமிழர் பக்கத்தும் அவ்வாறே. உரிமைக்கென எடுத்த துப்பாக்கி, முதலில் 1975-ல் யாழ்ப்பாண நகரத்தந்தை துரையப்பாவை நோக்கித் திரும்பியது; 1989-ல் அமிர்தலிங்கத்தையும் 1999-ல் நீலன் திருச்செல்வத்தையும் விடுதலைப் புலிகளே கொன்றனர்; 1990-ல் வடபகுதி முஸ்லிம் மக்களைப் பிறந்த ஊரைவிட்டு வெளியேற்றினர். பேச்சு வேண்டுமென்ற தமிழர், இருதிறத்துத் துப்பாக்கிகளுக்கும் இடையே நின்று மாண்டனர். நடுநின்று பேசுவோர் இல்லாத நாட்டில் வாக்குச்சீட்டு வெறுந்தாளாகும்.

இதுகாறும் கூறியவற்றைப் படித்து, நம் நாடு தப்பிற்று என வாசகர் மகிழ்வாராயின் இக்கட்டுரை பயனற்றதாகும். மொழிப்பூசலில் நமக்கு மதகு திறந்ததற்குக் காரணம், நாம் இம்மாநிலத்தில் பெரும்பான்மையராயிருந்தமையே. இங்கே சிறுபான்மையராகவும் எளியவராகவும் இருப்போர்க்கு நாம் திறந்த மதகு எது? 1997 சூன் 30-ஆம் நாள், மதுரை மாவட்டம் மேலவளவில், ஒதுக்கப்பெற்ற இடத்தில் தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரொடு இருந்த சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். தாழ்த்தப்பட்டோர் தலைவராகலாகாது என்பதே காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் அதே காரணத்தால் ஊராட்சி மன்றம் இயங்காமலே இருந்தது. கொழும்பு சட்டத்தால் செய்ததை இவ்வூர்கள் அரிவாளாலும் அச்சுறுத்தலாலும் செய்தன.

நம் கொங்கு நாட்டையும் நோக்குவோம். கோயம்புத்தூரில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்த கலகத்தில் முஸ்லிம் மக்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். ஒரு பழி மற்றொரு பழிக்கு வித்தாகி, கடை வைத்துப் பிழைத்தோரும் கூலிக்குச் சென்றோரும் அதற்கு இரையாயினர். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டுண்டு இறந்தார். மணப்பெண்ணும் மணமகனும் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாத ஊரில், ஐந்தாண்டுக்கொருமுறை ஆட்சியைத் தேர்ந்துகொள்ளுதல் எத்துணைப் பொருளுடையது என்பதை மாணவ அன்பர் தாமே எண்ணிப் பார்ப்பாராக.

அயலாட்சி விட்டுச் சென்ற ஆயுதங்கள் நம் கையில் உள. அவற்றொடு, நம் முன்னோர் விட்டுச் சென்ற சாதியும் உளது. இரண்டையும் ஒருநாளில் எறிந்துவிட இயலாது. ஆயின் வாச்சாத்தி மக்கள் நமக்கொரு பாடம் கற்பித்தனர். அவர் இழந்தது சிறிதன்று. காத்திருந்தது சில நாளன்று. எனினும் நீதிமன்றத்தின் கதவு முற்றும் மூடப்படவில்லையாதலின், அவர் அரிவாளை நாடாது அக்கதவையே முப்பதாண்டு தட்டினர். கதவைத் திறந்து வைத்தல் ஆள்வோர் கடமை. அது விரைவில் திறக்குமாறு செய்தல் நம் அனைவர் கடமை. முப்பதாண்டு தட்டும் பொறுமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதனை எல்லாரிடத்தும் எதிர்பார்த்தல் அறமுமன்று.

ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் வழியில் திரும்பினால் பவானிசாகர் அணையைக் காணலாம். பலர் விடுமுறையில் அங்குச் சென்றிருப்பர். அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உளது. அறச்சலூரிலும் ஒன்று உளது. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்தோரும் அவர் மக்களும் ஆங்கு வாழ்கின்றனர். முகாமிலேயே பிறந்து, நம் ஊர்ப் பள்ளிகளிற் படித்து, நம் பேச்சையே பேசும் இளைஞர் பலர் வாக்குரிமையின்றி உளர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. 1948-ல் கொழும்பு செய்த பிழையை நாம் எந்தப் பெயரிட்டுத் தொடர்கின்றோம்?

அணையைக் காணச் செல்வோர் அம்முகாமையும் ஒருமுறை கண்டு, அங்குள்ள முதியோரிடம் சிறிது நேரம் அமர்ந்து பேசுவாராயின், இக்கட்டுரையில் நாம் கூறியதினும் மிகுதியாகவே கற்றுத் திரும்புவர். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் ஊராட்சி உறுப்பினராகவும் விளங்கப்போகும் மாணவர், தம் கைக்கெட்டிய மதகை அடையாது காப்பாராக.